கட்டிப்போட்டால் வருமா சமநிலை?

"போஸ்மன் தீர்ப்பு வந்துதான் பந்தாட்டம் கெட்டது" என்று சொல்கிறவர்கள் நம் புதுச்சேரியில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். சொல்தா வீட்டுப் பிள்ளைகள், பிரெஞ்சுப் பள்ளியில் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், மாலையில் பெத்தாங் குண்டு உருட்டுகிறவர்கள். 2024 அக்டோபர் 4ஆம் தேதி லஸ்ஸானா தியாரா வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பைச் சொன்னதிலிருந்து இந்தப் புலம்பல் இரட்டிப்பாகிவிட்டது. ஆட்டக்காரனுக்குச் சுதந்திரம் கொடுத்ததால் பணக்கார கிளப்புகள் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகின்றன, சின்ன ஊர்க் கிளப்புகள் செத்துவிட்டன, சமநிலை போய்விட்டது, இனி என்ன ஆட்டம் என்கிறார்கள்.

சமநிலை போனது உண்மை. ஆட்டக்காரன் சுதந்திரத்தால் போனது என்பது பொய். முப்பது வருஷமாக இந்தப் பொய்யைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஃபைலைப் புரட்டுவோம். குமாஸ்தா புத்தி, சம்பவத்தைத் தேதியோடு வைத்துக்கொள்ளாமல் பேசினால் எனக்குத் தூக்கம் வராது.

ழான்-மார்க் போஸ்மன் பெல்ஜியத்துக்காரர். லியேழ் நகரக் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். பெரிய நட்சத்திரம் எல்லாம் இல்லை. 1990 ஜூன் மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. அதுவரை மாதம் சுமார் 1,20,000 பெல்ஜிய பிராங்க் வாங்கிக்கொண்டிருந்தவருக்குக் கிளப் நீட்டிய புதிய ஒப்பந்தம் 30,000 பிராங்க். நாலில் ஒரு பங்கு! அவர் கையெழுத்துப் போடவில்லை. பிரான்சில் இரண்டாம் பிரிவில் இருந்த டன்கெர்க் கிளப் அவரைக் கூப்பிட்டது, மாதம் ஒரு லட்சம் பிராங்க் தருவதாக. போக முடிந்ததா? இல்லை. ஒப்பந்தம் முடிந்துபோன ஆளுக்கும் பழைய கிளப் விலை கேட்கலாம் என்பது அன்றைய விதி. முழு மாற்றத்துக்கு லியேழ் வைத்த விலை ஒரு கோடியே பதினேழு லட்சம் பிராங்குக்கு மேல். அதாவது, சம்பளம் கொடுக்கும்போது அவன் மதிப்பு முப்பதாயிரம், விற்கும்போது ஒரு கோடி. கடைசியில் ஒரு வருஷத்துக்கு மட்டும் 12 லட்சத்துக்கு விடுவதாகப் பேசி முடித்தார்கள். பிறகு டன்கெர்க்கிடம் பணம் இருக்குமோ இருக்காதோ என்று சந்தேகப்பட்டு, போகவேண்டிய சான்றிதழை அனுப்பவே இல்லை. கூடவே அவரை சஸ்பெண்டும் செய்தார்கள்.

ஐந்து வருஷம் வழக்கு நடந்தது. 1995 டிசம்பர் 15 அன்று லக்சம்பர்க்கில் தீர்ப்பு. அப்போது போஸ்மனுக்கு வயது 31. பந்தாட்டக்காரனுக்கு அது மாலை வேளை. தீர்ப்பின் லாபத்தை அனுபவித்தவர்கள் வேறு ஆட்கள், அந்த மனிதர் பிற்காலத்தில் பட்ட கஷ்டம் ஊரறிந்தது.

தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் இருந்தன. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் நம்மவர்கள் குழப்புகிறார்கள். ஒன்று: ஒப்பந்தம் முடிந்தபின், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்குப் போகும் ஆட்டக்காரனுக்குப் பழைய கிளப் விலை கேட்கக்கூடாது. இரண்டு: ஒன்றியத்து நாட்டுக் குடிமக்களை "வெளிநாட்டான்" என்று எண்ணிக் களத்தில் இத்தனை பேர்தான் என்று வரம்பு கட்டக்கூடாது. முதலாவது தொழிலாளியின் விடுதலை. இரண்டாவது எல்லைச் சுவர் இடிப்பு. சமநிலை விஷயத்தில் இந்த இரண்டுக்கும் விளைவு ஒன்றல்ல.

முதலாவதை எடுப்போம். பிரான்சின் கதை தெரிந்தவர்கள் இதில் அழக்கூடாது. அங்கே தொழில்முறை ஆட்டக்காரன் ஒரு காலத்தில் 35 வயதுவரை கிளப்புக்குச் சொந்தம். கிளப் விட்டால் உண்டு, விடாவிட்டால் இல்லை. 1963இல் ரேமோன் கோப்பா, தங்கப் பந்து பரிசு வாங்கியவர், ஆட்டக்காரர்கள் அடிமைகள் என்று பத்திரிகையில் பச்சையாகச் சொன்னார். அதற்காக அவர்மீது நடவடிக்கை எடுத்தார்கள். சுரங்கத் தொழிலாளி மகன், வாய் சும்மா இருக்கவில்லை. 1968 மே மாதக் கலவரத்தில் பாரிஸில் கால்பந்து சம்மேளன அலுவலகத்தையே ஆட்டக்காரர்கள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம், 1969இல், காலவரையறை ஒப்பந்தம் வந்தது. போஸ்மனுக்கு 26 வருஷம் முன்னால்! அப்புறம் பிரெஞ்சுப் பந்து அழிந்ததா? 1973இல் தொழில்முறைச் சாசனம் வந்து, கிளப்புகள் இளைஞர் பயிற்சி மையம் நடத்தியாக வேண்டும் என்றானது. நாந்த், ஒசேர் எல்லாம் பள்ளிக்கூடம் மாதிரி பிள்ளைகளை வளர்த்தது அந்தக் காலத்தில்தான். பிளாட்டினி, கான்டோனா, தெசாய்யி, தெஷாம் எல்லாரும் அந்தக் காலத்துப் பயிர்.

(ஒசேர் என்றுதான் சொல்ல வேண்டும். டி.வி.யில் ஒரு தம்பி "ஆக்ஸெர்ரே" என்கிறார். கேட்டால் பல் கூசுகிறது.)

சமநிலைக்காக ஆளைக் கட்டிப்போடுவது என்றால் என்ன என்பது அரசு ஊழியர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் பிரெஞ்சு தெரிந்த உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். முறைப்படி, த்ரூ ப்ராப்பர் சேனல். எழுத்துத் தேர்வு பாஸ், நேர்காணல் பாஸ். மாதம் 180 ரூபாய் கூடுதல் சம்பளம், அன்றைக்கு அது ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவு. என்.ஓ.சி. மட்டும் வரவேண்டும். ஃபைல் மேலே போனது, கீழே வந்தது, "பேசவும்" என்று எழுதப்பட்டது, மறுபடி மேலே போனது. கடைசி நாள் கடந்து மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: "நிர்வாக நலன் கருதி விடுவிக்க இயலாது." ஒரே வரி. பழைய பிரெஞ்சு ஆவணங்களைப் படிக்க அந்தப் பிரிவில் என்னை விட்டால் ஆள் இல்லை, அது நிஜம்தான். நான் போயிருந்தால் பிரிவு தடுமாறியிருக்கும், அதுவும் நிஜம். ஆனால் பிரிவு தடுமாறாமல் இருக்க இன்னொரு ஆளைப் போட்டுப் பழக்கவேண்டியது என் பொறுப்பா, அவர்கள் பொறுப்பா? ஆள் போடச் செலவாகும். என்னைக் கட்டிப்போடச் செலவில்லை. "நிர்வாக நலன்" என்ற சொல்லின் முழு அர்த்தமும் அவ்வளவுதான்.

கிளப் முதலாளி "போட்டிச் சமநிலை" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஒற்றை வரிதான் கண்ணில் ஆடுகிறது. சமநிலை வேண்டும், ஆனால் அதற்கான விலையை முப்பதாயிரம் பிராங்க் வாங்கும் போஸ்மன் கொடுக்கவேண்டும். முதலாளி தன் பங்குப் பணத்தில் ஒரு காசு விட்டுக்கொடுக்க மாட்டார்.

நீதிமன்றம் இதையெல்லாம் யோசிக்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று நம் நண்பர்கள் நினைக்கிறார்கள். தீர்ப்பைப் படித்தால் தெரியும். கிளப்புகளுக்குள் ஒரு சமநிலை இருப்பதும், யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாமல் இருப்பதும், இளைஞர்களைப் பயிற்றுவிப்பதும் நியாயமான நோக்கங்களே என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த பாராவிலேயே ஒரு போடு போடுகிறார்கள்: இந்த மாற்றுக் கட்டண விதி அந்த நோக்கத்துக்கு உதவவில்லை, பணக்காரக் கிளப் சிறந்த ஆட்டக்காரரை வாங்குவதை அது தடுக்கவும் இல்லை, பணமே வெற்றியைத் தீர்மானிப்பதை மாற்றவும் இல்லை என்று. இதற்கு இன்றுவரை யாரும் நேரான பதில் சொன்னதாக நான் பார்க்கவில்லை.

ஆயாக்ஸ் கதையைக் காட்டுவார்கள். சரி, அதையே பார்ப்போம். 1995 மே 24, வியன்னாவில் இறுதியாட்டம். ஆம்ஸ்டர்டாம் பையன்கள், பாதிப்பேர் அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவர்கள், மிலானை 1-0 என்று வென்றார்கள். கோல் போட்ட கிளைவெர்ட்டுக்கு 18 வயது. அடுத்த வருஷமும் இறுதிக்கு வந்து யுவென்டஸிடம் பெனால்டியில் தோற்றார்கள். அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. டாவிட்ஸ், ரெய்ஸிகர் 1996இல் ஒரு காசு மாற்றுப்பணம் இல்லாமல் மிலானுக்குப் போனார்கள். 1997இல் கிளைவெர்ட்டும் போகார்டும் அதே வழி, அதே மிலான். அந்த அணி கலைந்ததைப் பார்த்து எனக்கும் வயிறு எரிந்தது. அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில் பிரெஞ்சு விளையாட்டுப் பத்திரிகைகள் வாரக்கணக்கில் தாமதித்துத்தான் வரும், தாமதமாகப் படித்தாலும் எரிச்சல் புதிதாகத்தான் இருந்தது.

ஆனால் கேட்கிறேன்: போஸ்மனுக்கு முன்னால் ஆயாக்ஸ் ஆட்டக்காரர்கள் அங்கேயே கிழவர்களானார்களா? வான் பாஸ்டன் 1987இல் மிலானுக்குப் போகவில்லையா? பெர்க்காம்ப் 1993இல் இன்டருக்குப் போகவில்லையா? அன்றும் போனார்கள், இன்றும் போகிறார்கள். அன்று போகும்போது கிளப் பெட்டியில் பணம் விழுந்தது. ஒப்பந்தம் முடிந்து போனால் அந்தப் பணம் ஆட்டக்காரன் சம்பளமாகவும் தரகர் கமிஷனாகவும் ஆகிறது. தரகர்களை நான் ஆதரிக்கவில்லை, அந்த இனத்தை நம் ஊர் பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலிலேயே பார்த்தவன் நான். ஆனால் இது சமநிலைப் பிரச்சினை அல்ல, பணம் யார் கைக்குப் போகிறது என்ற பிரச்சினை. நட்டம் வரக்கூடாது என்றால் கிளப் நல்ல பையனுக்கு நல்ல சம்பளத்தில் நீண்ட ஒப்பந்தம் போடட்டும். தீர்ப்புக்கு அப்புறம் எல்லாக் கிளப்பும் அதைத்தானே கற்றுக்கொண்டது?

இப்போது இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே என் நண்பர்கள் பக்கம் உண்மை இருக்கிறது, மறைக்கமாட்டேன்.

தீர்ப்புக்கு முந்தைய பத்து ஐரோப்பியக் கோப்பைகளை எண்ணுங்கள். 1986 புகாரெஸ்டின் ஸ்தேவா, 1987 போர்ட்டோ, 1988 ஹாலந்தின் பி.எஸ்.வி., அப்புறம் மிலான் இரண்டு முறை, 1991 பெல்கிரேடின் செஞ்சிவப்பு நட்சத்திரம், 1992 பார்சிலோனா, 1993 நம் மர்செய், 1994 மறுபடி மிலான், 1995 ஆயாக்ஸ். பத்தில் ஆறு, இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி என்ற நாலு பெரிய வீடுகளுக்கு வெளியே போனது. அதற்குப் பிந்தைய முப்பது கோப்பைகளில், 1996 முதல் 2025 வரை, வெளியே போனவை இரண்டே இரண்டு: 2004இல் போர்ட்டோ, 2025இல் பாரிஸ் சேன் ஜெர்மன். (பிரான்சின் பொர்தோ வேறு, போர்ச்சுகலின் போர்ட்டோ வேறு. பின்னால் பொர்தோவும் வருகிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அந்தப் பழைய பத்து வருஷத்தில் ஐந்து வருஷம் இங்கிலாந்துக் கிளப்புகளுக்குத் தடை இருந்தது என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். சேர்த்தாலும் வித்தியாசம் பெரிதுதான்.

இதில் வெளிநாட்டார் வரம்பு போனதற்குப் பங்கு உண்டு. ஐரோப்பியப் போட்டிகளில் மூன்று வெளிநாட்டார், கூட அங்கேயே பல வருஷம் ஆடிய இரண்டு பேர், இதுதான் அன்றைய வரம்பு. மிலானில் குல்லிட், வான் பாஸ்டன், ரைகார்ட் என்று மூன்று டச்சுக்காரர்கள் இருந்தது ஞாபகம் இருக்கும். நாலாவது நல்ல ஆட்டக்காரன் ஊரிலேயே தங்கினான், களத்தில் இடமில்லையே. அதற்காக வரம்பு ஒரு புனிதமான வேலி என்றும் நினைக்கவேண்டாம். 1992இல் அதே மிலான், மூன்று டச்சுக்காரர்கள் இருக்கும்போதே மர்செய்யிலிருந்து பாப்பேனையும், கூட சவிசெவிச்சையும் வாங்கி, போபானோடு ஆறு வெளிநாட்டாரைச் சேர்த்துவைத்தது. தங்கப் பந்து வாங்கிய பாப்பேன் பல ஞாயிற்றுக்கிழமை கோட் சூட்டோடு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த மே மாதம் மூனிக்கில் தன் பழைய மர்செய்க்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கித் தோற்றார். அன்று தலையால் முட்டி ஜெயிக்க வைத்த பொலி, ஒசேரில் வளர்ந்த பிள்ளை. பணக்காரனுக்கு வேலி போட்டால் வேலிக்குள்ளேயே பதுக்கிவைப்பான், அவ்வளவுதான்.

வரம்பு போனபின் பதுக்கியதெல்லாம் களத்துக்கு வந்தது. 1999 டிசம்பர் 26 அன்று லண்டன் செல்சீ ஒரே ஒரு ஆங்கிலேயன்கூட இல்லாத பதினொருவரை இறக்கியது.

அந்தச் சுவரைத் திரும்பக் கட்டலாமா? நான் கேட்கமாட்டேன். பாஸ்போர்ட் பார்த்து வேலை கொடுக்கச் சொல்லும் விதியை ஆதரிக்க, 1962இல் பாதிக் குடும்பம் இந்தியர், பாதிக் குடும்பம் பிரெஞ்சுக்காரர் என்று பிரிந்து எழுதிக்கொடுத்த ஊர்க்காரனுக்கு மனசு வராது. அதற்கு வேறு வழி இருக்கிறது. ஐரோப்பியச் சம்மேளனம் 2006இலிருந்து படிப்படியாகக் கொண்டுவந்த உள்ளூர்ப் பயிற்சி விதி அது: 25 பேர் பட்டியலில் எட்டுப் பேர், 15 வயதுக்கும் 21 வயதுக்கும் நடுவில் மூன்று வருஷம் அந்தக் கிளப்பிலோ அந்த நாட்டிலோ பயிற்சி பெற்றவர்களாக இருக்கவேண்டும். எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்பதில்லை, எங்கே வளர்ந்தாய் என்று கேட்கிறது. நல்ல விதி, ஆனால் எட்டு போதாது. அதற்கும் 2023 டிசம்பரில் பெல்ஜிய வழக்கு ஒன்றில் நீதிமன்றம் கேள்வி எழுப்பியிருக்கிறது. அங்கே சம்மேளனம் நன்றாக வாதாடட்டும், நானே கைதட்டுவேன்.

சமநிலையைக் கொன்றதில் இந்தச் சுவர் இடிப்பைவிடப் பெரிய குற்றவாளி ஒருவர் உண்டு. சொந்த வீட்டு ஆள். பிரெஞ்சு லீக்கைப் பாருங்கள். தீர்ப்பை ஒட்டிய ஏழு பருவங்கள்: 1995 நாந்த், 1996 ஒசேர், 1997 மொனாக்கோ, 1998 லான்ஸ், 1999 பொர்தோ, 2000 மொனாக்கோ, 2001 நாந்த். ஏழு பட்டத்துக்கு ஐந்து கிளப். ஒசேர் என்பது நாற்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அங்கே கீ ரூ என்ற மனிதர் 1961இலிருந்து பயிற்சியாளர். கிளப் காசைக் கஞ்சன் மாதிரி எண்ணுவார். பையன்கள் ராத்திரிக் கூத்துக்குப் பாரிஸ் போகிறார்களா என்று நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் ஆள் வைத்து விசாரிப்பார் என்று ஒரு கதை உண்டு. தீர்ப்பு வந்து ஐந்தே மாதத்தில் அந்த ஒசேர் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது! ஆமாம், அந்தக் கோடையிலேயே பிளான் பார்சிலோனாவுக்கும் மார்த்தேன்ஸ் ஸ்பெயினின் லா கொருஞ்ஞாவுக்கும் போய்விட்டார்கள். ஆனாலும் அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் லீக் காலிறுதிவரை போனார்கள், 2003இலும் 2005இலும் பிரெஞ்சுக் கோப்பை வாங்கினார்கள்.

இன்னொரு வரிசை பாருங்கள். 2008 லியோன், 2009 பொர்தோ, 2010 மர்செய், 2011 லில், 2012 மோன்பெலியே, 2013 பாரிஸ். ஆறு வருஷம், ஆறு கிளப். இது எப்போது? போஸ்மன் தீர்ப்புக்குப் பதின்மூன்று வருஷம் கழித்து! விடுதலைதான் விஷம் என்றால், அந்த விஷம் வேலைசெய்ய இவ்வளவு காலமா ஆகும்?

நடந்தது வேறு. சாம்பியன்ஸ் லீக்கில் 1997 முதல் பெரிய நாடுகளின் இரண்டாம் இடத்துக்காரர்களும், 1999 முதல் நாலு கிளப்புவரையும் உள்ளே விட்டார்கள். சாம்பியன் என்று பேர், நாலாவது வந்தவனும் சாம்பியன்! டி.வி. பணத்தில் ஒரு பங்கை அந்தந்த நாட்டுச் சந்தையின் அளவைப் பார்த்துப் பிரித்தார்கள். பெரிய நாட்டுக் கிளப்புக்குப் பெரிய பங்கு. அந்தப் பணம் திரும்ப அதே கிளப்பில் ஆட்டக்காரர்களாக மாறி, அடுத்த வருஷம் அதே நாலு பேர் உள்ளே. லியோன் 2002 முதல் 2008 வரை ஏழு பட்டத்தைத் தொடர்ந்து வாங்கியதற்கு ஓலாஸ் தலைவரின் சாமர்த்தியம் பாதி, வருஷம் தவறாத இந்தப் படி பாதி. 2011இல் பாரிஸ் கிளப்பைக் கத்தார் வாங்கியது. அதன்பின் 2013 முதல் 2025 வரை 13 பட்டங்களில் 11 பாரிஸுக்கு. 2017இல் நெய்மாருக்காக 22.2 கோடி யூரோ கொடுத்தார்கள். கவனியுங்கள், நெய்மார் ஒப்பந்தம் முடிந்து சும்மா வந்தவர் அல்ல. ஒப்பந்தத்தில் இருந்தவர், அதை உடைக்க அவ்வளவு விலை. விலை வைத்தால் பணக்காரன் தயங்குவான் என்கிற வாதம் அந்த ஒரு ரசீதில் முடிந்துவிட்டது.

இதைவிட மோசம் 2022இல் நடந்தது. பிரெஞ்சு லீக் தன் வருமானத்தில் 13 சதவீதத்தை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு 150 கோடி யூரோவுக்கு எழுதிக்கொடுத்தது. வந்த பணத்தை எப்படிப் பங்குபோட்டார்கள்? பாரிஸுக்கு 20 கோடி யூரோ. பிரான்சின் மிகப் பழைய கிளப்புகளில் ஒன்றான, போக்பாவும் மாரேஸும் கடந்துவந்த லெ ஆவ்ருக்கு 15 லட்சம் யூரோ. இருபது கோடிக்குப் பக்கத்தில் பதினைந்து லட்சம்! ஆட்டக்காரனின் சுதந்திரம்தான் சமநிலையைக் கெடுக்கிறது என்று பேசும் அதே சபை கையெழுத்துப் போட்ட காகிதம் இது. என் அலுவலகத்தில் இப்படி ஒரு பட்டுவாடாப் பட்டியல் வந்திருந்தால் தணிக்கைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இரண்டுமுறை துடைத்திருப்பார். 2024இல் பொர்தோ, ஆறு முறை சாம்பியன், தொழில்முறை அந்தஸ்தையே இழந்து நாலாம் பிரிவுக்கு விழுந்தது. எந்த ஆட்டக்காரன் இலவசமாய் ஓடிப்போனதால்? கை மாறி மாறி வந்த முதலாளிகளின் கடனால்.

என் நண்பர் ஒருவரின் பேரன் அமெரிக்காவில் படிக்கிறான். அங்கேயும் இதே அழுகையாம். அவர்கள் ஃபுட்பால் என்பது கையால் தூக்கிக்கொண்டு ஓடுவது, அது கிடக்கட்டும். கல்லூரி ஆட்டக்காரன் வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்காரவேண்டும், தன் பேரையும் படத்தையும் விற்று ஒரு டாலர் சம்பாதிக்கக்கூடாது என்றெல்லாம் விதி இருந்தது. 2021இல் இரண்டும் தளர்ந்தன. இப்போது கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம் என்றாகிவிட்டது. உடனே "சமநிலை போச்சு" என்கிறார்கள். பையன் முழங்கால் உடைய ஆடி வாங்கியது படிப்புச் சலுகை மட்டும் என்றிருந்த காலத்தில் நிலைமை என்ன? அலபாமா கல்லூரி 2009க்கும் 2020க்கும் நடுவில் ஆறு தேசியப் பட்டம் வாங்கியது, ஒரே பயிற்சியாளர் கீழே. அந்தப் பயிற்சியாளர் நிக் சேபன் பெற்ற சம்பளம் பிற்பாடு வருஷத்துக்கு ஒரு கோடி டாலரைத் தாண்டியது. அவருக்கு வரம்பு இல்லை, பையனுக்கு மட்டும் வரம்பு. அதற்குப் பெயர் சமநிலையாம்.

இனித் தியாரா விஷயம். அவர் 2014இல் மாஸ்கோ லோக்கோமோட்டிவுடன் தகராறு. கிளப் ஒப்பந்தத்தை முறித்தது. ஒரு கோடியே ஐந்து லட்சம் யூரோ நஷ்டஈடு கட்டவேண்டும் என்று உலகச் சம்மேளனம் சொன்னது. போதாதென்று, அவரை வேலைக்கு எடுக்கும் புதிய கிளப்பும் அதற்குப் பொறுப்பு, சர்வதேசச் சான்றிதழும் கிடைக்காது என்று விதி. பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா அவரை எடுக்க வந்து, பயந்து பின்வாங்கியது. சான்றிதழ், பெல்ஜியம், கெட்டுப்போன வருஷங்கள்: போஸ்மன் ஃபைலேதான், மேலட்டை மட்டும் புதுசு. வக்கீலும் அதே ழான்-லூயி டுப்போன். ஒப்பந்தத்தை மீறியவன் நஷ்டஈடு கொடுக்கவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அடுத்த முதலாளியின் கழுத்தைப் பிடித்து, அவன் எங்கேயும் வேலை செய்யமுடியாமல் செய்யாதே என்றது.

வளர்த்த கிளப்புக்கு ஒன்றும் வேண்டாமா என்று கேட்கலாம், அது நியாயமான கேள்வி. அதற்கும் பதில் ஃபைலில் இருக்கிறது. ஒலிவியே பெர்னார் என்ற பையன் லியோனில் பயிற்சி பெற்று, 2000இல் இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் போய்விட்டான். வழக்கு 2010இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் முடிந்தது. பயிற்சிக்கு ஆன செலவைக் கேள், தாராளமாகக் கேள், ஆனால் உண்மையில் ஆன செலவோடு சம்பந்தமில்லாத தொகையை அபராதமாகப் போடாதே என்றது. கணக்கு எழுதிப் பழகிய எவனுக்கும் இது புரியும். இன்று விலைகொடுத்து வாங்கும்போது அந்த விலையில் 5 சதவீதம், 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் போகிறது. ஒப்பந்தம் முடிந்து சும்மா போனால் விலையே இல்லை, அதனால் அந்த 5 சதவீதமும் இல்லை. ஓட்டை அங்கேதான் இருக்கிறது. கையெழுத்துப் பணமாகவும் தரகர் கமிஷனாகவும் கைமாறும் தொகையில் அதே 5 சதவீதத்தைப் பிடித்தம் செய்யட்டும். சம்பளப் பட்டியலில் பிடித்தம் போடுவது ஒரு எழுத்தர் அரைநாளில் செய்யும் வேலை. சாம்பியன்ஸ் லீக் பணத்தில் போட்டிக்கே வராத சின்னக் கிளப்புகளுக்குப் போகும் பங்கைக் கூட்டட்டும், உள்ளூர்ப் பயிற்சிக்காரர் எட்டைப் பன்னிரண்டாக்கட்டும்.

பெத்தாங் மைதானத்தில் போன வாரம் இதைச் சொன்னபோது ஒருவர் கேட்டார்: "இதெல்லாம் பெரிய கிளப்புக்காரன் ஒத்துக்குவானா மிசியே?" ஒத்துக்கொள்ளமாட்டான். அதனால்தான் அவன் முப்பது வருஷமாகப் போஸ்மன் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.